இரண்டாவது விசில்

பத்துக் கேள்வியாம். பதிலை அமுக்கிக்கொண்டே போனால், கும்பலோடு போகும் டூர் உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்று கடைசியில் போனே தீர்ப்புச் சொல்லிவிடுமாம். நான் வேலை பார்த்த ஓசூர் டூர் ஆபீசில் இப்போது இதுதான் நடைமுறை. அங்கே என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சௌமியா எனக்கும் அனுப்பி வைத்தாள். "அக்கா, சும்மா அமுக்கிப் பாருங்க. உங்க காலத்துல ஆளை எப்புடிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதிக் குடுத்தா, அதையும் சேத்துக்கலாம்னு சின்ன முதலாளி சொன்னாரு."

அமுக்கிப் பார்த்தேன். விடிவதற்குள் கிளம்பச் சொன்னால்? பரவாயில்லை. அறையில் வேறு ஒருவரும் தங்கினால்? பரவாயில்லை. சாப்பாடு பிடிக்காவிட்டால்? பரவாயில்லை. பத்துக்கும் பரவாயில்லை என்றே அமுக்கினேன். திரையெல்லாம் பூத்தூவி, குழுப் பயணத்துக்கு மிகப் பொருத்தமானவர் நீங்கள் என்று வந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கபூர் பாய் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பத்துப் பரவாயில்லையையும் பார்த்த மாத்திரத்தில், "செல்வி, இந்த ஆளை வண்டியில ஏத்தாதே" என்றிருப்பார்.

ஆபீசை ஆரம்பித்தவர் கபூர் பாய்தான். காசி, கயா, ராமேஸ்வரம் என்று தொழிற்பேட்டை ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனவர். முஸ்லிம் ஆள் காசிக்கு டூர் நடத்துகிறாரா என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். ஓசூரில் யாரும் கேட்டதில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எதில் பேசினாலும் அவர் குரல் ஒரே மட்டத்தில் இருக்கும். நான் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பெண் பயணிகளுக்கு ஒரு பெண் கூட வேண்டும் என்று ஒரு முறை அனுப்பினார். பிறகு டூர் மேனேஜர் என்றே ஆகி, ஓய்வு பெறும்வரை அதிலேயே ஓடினேன்.

பாயிடம் நான் கற்றது முதலும் முடிவுமாக ஒன்றுதான்: சந்தேகம். பணம் கட்ட வருகிறவர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் சந்தேகம். "எதுனாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, அவர் மேல் இரட்டைச் சந்தேகம். "அவங்களுக்கு என்னா வேணும்னு அவங்களுக்கே தெரியல செல்வி. தெரியறப்ப நாம நடுக்காட்டுல இருப்போம்" என்பார்.

அதனால் காசிக்குப் பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஸ்ஸில் கிருஷ்ணகிரி டேம் வரை போய்வர வேண்டும். அதற்கு டேம் ட்ரையல் என்று பெயர். புது மிஷினை ஓட்டிப் பார்த்து எடுக்கிற ஊர் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துவராதவருக்கு முன்பணம் திரும்பிவிடும், ஒத்துவருகிறவர் காசிக்குப் போகலாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவோம். எதை வைத்துப் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

பாய் கடைசி சீட்டில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்ப மாட்டார். ஒரே ஜன்னல் சீட்டை இரண்டு பேருக்கு வேண்டுமென்றே எழுதிக் கொடுத்திருப்போம். அடித்துக்கொள்கிறார்களா, விட்டுக்கொடுக்கிறார்களா, விட்டுக்கொடுத்துவிட்டு வழியெல்லாம் முணுமுணுக்கிறார்களா? முணுமுணுப்புதான் பாய்க்குப் பிடிக்காது. சூளகிரியில் டீ. கடைக்காரரிடம் முன்பே சொல்லி, பாதிப் பேருக்கு டீயைத் தாமதமாகக் கொடுக்கச் செய்வார். ஒரு தடவை, புத்தர் மாதிரி வந்து உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் அந்த டீக்காகக் கடைக்காரரின் மூன்று தலைமுறையையும் இழுத்துவிட்டார். டேமில் சாப்பாடு முடிந்ததும் ஊர் சுற்ற விட்டுவிடுவோம். முதல் விசில், கிளம்பத் தயாராகுங்கள் என்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது விசில். அதற்குள் வண்டியில் இருக்க வேண்டும்.

யாரையும் மாட்டேன் என்று பாய் சொன்னதில்லை. ஆனால் அவர் வாயில் ஒரு அடையாளம் உண்டு, எனக்கு மட்டும் தெரியும். அவருக்குப் பிடித்துவிட்டால் அண்ணே, அக்கா. கழித்துவிட்டார் என்றால் ஐயா, அம்மா. மரியாதை ஏறினால் ஆள் அவுட். ஹெட்மாஸ்டரை இறங்கும்போது "ஐயா, பாத்துப் போங்கய்யா" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு முறைதான் எனக்குக் குழம்பியது.

முனிரத்தினம் என்று ஒருவர் மனைவியோடு ஆபீசுக்கு வந்தார். மூக்கண்டப்பள்ளியில் வீடு. ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பேண்டில் மடிப்புக் கலையவில்லை. உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கடியாரம் லேட்டுங்க" என்றார்.

"டயம்னா டயம்ங்க எனக்கு. குரூப் டூர்லதான் அது இருக்குதுன்னு சொன்னாங்க. நம்ம பையனும் குரூப்ல போறதா இருந்தா போங்க, தனியா எங்கியும் போவாதீங்கன்னுட்டான்."

"உங்களுக்கு எப்புடிங்க?" என்று பாய் அவர் மனைவியைக் கேட்டார்.

"அவளுக்கு என்னாங்க, எதுனாலும் பரவாயில்ல."

பாய் என்னைப் பார்த்தார். கேட்டது அந்தம்மாவை; பதில் வந்தது இவரிடமிருந்து. அந்தம்மா, கோவிந்தம்மா, சுவரில் ஒட்டியிருந்த கங்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தண்ணீர் குடிக்க உள்ளே கூப்பிட்டு, என்னம்மா பார்க்க ஆசை என்று கேட்டேன்.

"தண்ணிங்க" என்றார். "நான் கல்லாவிக்காரி. எங்கூர்ல தண்ணியக் கொடத்துலதான் பாத்துருக்கறேன். கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து மூக்கண்டப்பள்ளியில ரெண்டு ரூமு. பெரிய தண்ணி பக்கத்துல ஒரு தடவ உக்காந்து, போதும்னு தோணுற வரைக்கும் பாக்கோணும். அவ்வளவுதான்."

எனக்கு மனசு கரைந்துவிட்டது. இந்த டூரில் ஏறினால்தான் இந்தம்மாவுக்குக் கங்கை. புருஷன் தனியாக அழைத்துப் போகிற ஆள் இல்லை, மகனும் விடமாட்டான். ட்ரையலில் தேறவில்லை என்றால் இரண்டு ரூம்தான் கதி. எப்படியாவது தேறிவிட வேண்டுமே என்று நான்தான் தவித்தேன்.

ட்ரையலில் முனிரத்தினத்தைக் குறை சொல்ல ஆள் பிறந்து வர வேண்டும். ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார், முணுமுணுக்கவில்லை. டீ தாமதமானபோது பக்கத்தில் கத்தியவரைச் சமாதானப்படுத்தினார். டேமில் தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுக் கை கழுவியவர், தண்ணீர்ப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேராக வந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முதல் விசில்கூடத் தேவைப்படாத ஆள்.

இரண்டாவது விசிலும் அடித்தாயிற்று. கோவிந்தம்மா வரவில்லை. வண்டியில் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முனிரத்தினத்தின் முகம் கறுத்துவிட்டது. நான் இறங்கி ஓடினேன்.

வறுத்த மீன் விற்கிற கடைகளைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு கடைக்காரம்மா, வருகிறவர் எந்த பாஷை என்று தெரியாததால், மூன்று பாஷையிலும் சேர்த்தே கூவுவாள்: "பிசி பிசி, வேடி வேடி, சூடா மீனேய்!" கன்னடத்தில் சூடு, தெலுங்கில் சூடு, தமிழில் சூடு. அந்தக் குரலை டேமுக்கு ஒரு முறை போனவர்கூட மறக்க முடியாது. அவள் கடைக்குப் பின்னால், நீர் தெரிகிற கல்லில் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தார்.

"விசில் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுங்க."

"அப்ப எந்திரிங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இன்னும் பாத்து முடியலைங்களே" என்றார். அதில் திமிர் இல்லை. பாதிச் சோற்றில் இருக்கிறவரை எழுப்பினால் எப்படிச் சொல்வார், அப்படித்தான் சொன்னார். அப்புறம் அவராகவே பேசினார். "மூணு ஷிப்டுக்கும் நான்தாங்க அலாரம். கம்பெனிச் சங்கு ஊதறதுக்குள்ள டிபன் பாக்ஸ மூடோணும். ரிட்டையர்டு ஆயிட்டாரு, சங்கு ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன். இப்ப இவரே ஊதறாரு. கேஸ் அடுப்ப எப்புடிப் பத்த வைக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றாரு."

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு, கூடவே வயிற்றெரிச்சல். கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தேன். வண்டியில் ஏறியதும் முனிரத்தினம், "மானத்த வாங்கிட்டியே, இத்தன பேரு காத்துக் கெடக்கறாங்க" என்று ஆரம்பித்தவர், ஓசூர் வருகிறவரை நிறுத்தவில்லை. கோவிந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி சீட்டில் செய்தித்தாள் அசையவில்லை.

மறுநாள் இருவரும் ஆபீசில். பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, உங்களுக்கு நம்ம டூரு நல்லா ஒத்துவரும்" என்றார். பிறகு கோவிந்தம்மாவைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு இந்த வேகம் ஒத்துவராதுக்கா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழித்துவிட்டு அக்கா என்கிறாரே! அம்மா என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

முனிரத்தினம் யோசித்தார். "நான் பாஸாயிட்டேன்ல? அப்ப நான் மட்டும் போறேங்க. கட்டினதக் கேன்சல் பண்ணிக்கிட்டு எதுக்கு?" மனைவியின் பக்கம் திரும்பினார். "இருந்துக்குவியா?"

"போய்ட்டு வாங்க" என்றார் கோவிந்தம்மா. தலை குனிந்திருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் படி இறங்கியதும் நான் வெடித்தேன். "என்ன பாய் நியாயம் இது? தண்ணியைப் பாக்கணும்னு ஏங்குற பொம்பளையக் கழிச்சுட்டு, தண்ணிப் பக்கம் திரும்பாத மனுஷனக் கங்கைக்கு அனுப்புறீங்க. பாவம், அழுவறதுக்கு ரெடியா இருந்துச்சு."

"நீ அழுவையப் பாத்தியா?"

"வாயை மூடிக்கிட்டாங்களே."

"கண்ணையில்ல மூடுவாங்க அழுதா" என்றார் பாய். "சந்தேகப்படுறதுன்னா எல்லார் மேலயும் படணும் செல்வி. பாவமா இருக்கறவங்க மேலயும்."

எனக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ளப் பிடிக்கவும் இல்லை. அந்தக் கோபத்தோடுதான் காசிக்குப் புறப்பட்டேன்.

பெங்களூரு வரை எங்கள் பஸ், அங்கிருந்து ரயில். முனிரத்தினத்தின் மேல் இருந்த எரிச்சலில், "சார், இந்தாங்க, இனிமே நீங்கதான் அடிக்கணும்" என்று விசிலை அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். கிண்டல் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிரயாகையில் அடித்தார், கயாவில் அடித்தார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் அடித்தார். கூட வந்தவர்கள் அவருக்குச் சங்கு சார் என்று பேர் வைத்தார்கள். ஆனால் என் அனுபவத்தில் அப்படி ஒழுங்காக ஓடிய டூர் வேறு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காசிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் ஆடிப்போனார்.

"மேடம், அவ பகல்ல போனை எடுக்க மாட்டேங்கறா. பொழுது சாஞ்சாத்தான் எடுக்கறா. கேட்டா கோயிலுக்குப் போயிருந்தேங்கறா. தெனமும் என்னா கோயிலு?"

முதலில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தேடட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே என்றபோது வேறு நினைப்பு வந்தது. பெரிய தண்ணி பக்கத்தில், போதும்னு தோணுற வரைக்கும். கங்கை இல்லை என்றானதும் அந்த மனுஷி தனியாக எந்தத் தண்ணீரைத் தேடிப் போனாள்? என்ன மனநிலையில் போனாள்? படித்துறையில் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு எண்ணிக்கை தப்பித்தப்பிப் போயிற்று.

அன்று மத்தியானம் படித்துறையில் முனிரத்தினம் விசிலை முன்னதாகவே அடித்துவிட்டார். எல்லோரும் திட்டிக்கொண்டே படி ஏறினார்கள். அவர் மட்டும் ஏறாமல் படியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். வீடியோவில் மனைவிக்குக் கங்கையைக் காட்ட வேண்டுமாம். இந்த முறை ஆச்சரியமாகக் கோவிந்தம்மா பகலிலேயே எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தெரியுதா? இதாண்டி கங்கை. அந்தா படகு போவுது பாரு."

"நல்லாருக்குதுங்க. நீங்க பாருங்க" என்றது கோவிந்தம்மாவின் குரல். திரையில் முகம் இல்லை, இருட்டாக இருந்தது.

"உன் மூஞ்சி எங்க?"

"கேமரா என்னமோ ஆயிருச்சுங்க."

அப்போதுதான் அந்தக் குரலுக்குப் பின்னால் தூரத்தில் கேட்டது. "பிசி பிசி, வேடி வேடி, சூடா மீனேய்!"

"அது என்னா சத்தம்?" என்றார் முனிரத்தினம்.

"டிவிங்க."

டேமில் தக்காளி சாதம் தின்றுவிட்டு நேராகப் பஸ்ஸில் ஏறிய மனுஷனுக்கு அந்தக் குரல் எப்படித் தெரியும்? அவர் நம்பிவிட்டார். நான் மெல்ல இந்தப் பக்கம் வந்து பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், கோவிந்தம்மா டேம்ல இருக்காங்க. தனியா. எனக்குப் பயமா இருக்கு, யாரையாவது அனுப்பிப் பாருங்க."

"நானே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார் பாய், ஏறாமல் இறங்காமல் அதே குரலில். "காலைல பஸ் ஏறி வர்றாங்க, பொழுது சாய வீட்டுக்குப் போயிடுறாங்க. மீன்கடைக்காரம்மா ஸ்டூல் போட்டுக் குடுத்துருக்கா. நான் போனப்ப ரெண்டு பேரும் மீன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் குடுத்தாங்க. நீ உன் வேலையப் பாரு செல்வி."

போனை வைத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தேன். புருஷன் இங்கே முன்னோர்களுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறார், அங்கே மீன் வறுவல்! அழுகையும் வந்தது. அந்தம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் வந்த அழுகைதான்.

முனிரத்தினத்தைப் பார்த்தால் இப்போது எரிச்சல் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ இல்லாம நான் எங்கியும் போனதில்லீங்க மேடம். தட்டுல என்னா வைக்கறாங்கன்னே தெரியல" என்றார். அதுவும் பொய் இல்லை. அவருக்கும் அவர் கஷ்டம்.

ஓசூருக்கு ஒரு காலை நேரத்தில் வந்து இறங்கினோம். கோவிந்தம்மா ஆட்டோவில் வந்து காத்திருந்தார். முகமும் கையும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தன. ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

"என்னா இப்புடிக் கறுத்துட்ட?" என்றார் முனிரத்தினம்.

"வெயிலுங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. எல்லோருடைய மூட்டையும் சரியாக இறங்குகிறதா என்று பார்க்க வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். நான் கோவிந்தம்மாவின் பக்கத்தில் போய், மெதுவாக, "பிசி பிசி, வேடி வேடி" என்றேன்.

அந்தம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கண் சிரித்தது. அன்று ஆபீசில் மூடியதும் இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அன்னிக்கு டேம்ல விசில் கேட்டும் வேணும்னேதான் வரலையாம்மா?"

"மொதோ விசிலு சத்தியமா காதுல விழலைங்க" என்றார். "ரெண்டாவது நல்லா கேட்டுச்சு. எந்திரிக்கத்தான் போனேன். இவரு கூட கங்கைக்குப் போனா அங்கியும் இதே விசிலுதான் அடிக்கும், பாதியில எந்திரிக்கச் சொல்லும். ஒத்துவராதவங்கள விட்டுட்டுப் போவோம்னு நீங்க காலைல சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சரி, இங்கியே உக்காந்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."

"அவரும் போகாம இருந்திருந்தா?"

"அவராவது! பாஸானத விட்டுக்குடுப்பாரா?"

கழித்துவிட்டும் பாய் ஏன் அக்கா என்றார் என்பது இப்போது விளங்கியது. அதற்குள் முனிரத்தினம் வந்துவிட்டார். விசில் இன்னும் கழுத்திலேயே இருந்தது. கோவிந்தம்மா வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, அவருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மேடம், அடுத்த டூரு எப்பங்க? இவருக்கு நல்லா ஒத்துப்போச்சு போல. இவரு பேர மொதல்ல எழுதிக்கங்க."

முனிரத்தினத்துக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம்? கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு எடத்துக்குப் போய்ட்டு வாங்கன்னு இவ வாயால சொன்னதில்ல."

நான் விசிலைத் திருப்பிக் கேட்கவில்லை. ராமேஸ்வரம், திருப்பதி, மந்திராலயம் என்று நான் ஓய்வு பெறும்வரை எங்கள் டூர் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. கிளம்புகிற அன்றைக்கெல்லாம் கோவிந்தம்மா வந்து வழியனுப்புவார். எங்கள் பஸ் திரும்புவதற்குள் கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற பக்கமாக வேகமாக நடந்துகொண்டிருப்பார்.

சௌமியா, உன் பத்துக் கேள்வியையும் மறுபடி படித்துப் பார்த்தேன். எல்லாம் போகிறவரைத்தான் கேட்கிறது. வீட்டில் இருக்கப்போகிறவரை ஒன்றுகூடக் கேட்கவில்லை.